விரலை எடுக்காத பூசை

ஒரு பொத்தானை எப்போது அழுத்துவது என்று உலகத்தில் எல்லோரும் சொல்லித் தருவார்கள். எப்போது விரலை எடுப்பது என்று ஒருவரும் சொல்லித் தருவதில்லை. இதை நான் முதலிலேயே எழுதி வைக்கிறேன். எங்கள் வீட்டு ஒழுங்கையில் இருக்கிற பிள்ளையார் கோயிலில் அன்றைக்கு நடந்ததைப் பற்றி ஊரில் ஆளுக்கொரு கதை உலாவுகிறது. எல்லாக் கதையிலும் பிழை என் தலையில்தான். (என் தலை பெரிய தலை, தாங்கும். ஆனாலும் நியாயம் என்று ஒன்று இருக்கிறதே.)

நான் படித்தது கொஞ்சம். எழுத்துக்கூட்டித்தான் எழுதுகிறேன், ஆறுதலாகத்தான் வரும். அவசரக்காரர்கள் வேறு எதையாவது வாசிக்கட்டும்.

என் மகள் வதனி கொழும்பில் ஒரு கம்பனியில் கொம்பியூட்டர் வேலை பார்த்தவள். தகப்பனின் முதல் வருச ஆட்டத் திவசத்துக்கு வந்தவள், திவசம் முடிந்தும் போகவில்லை. "அம்மா, நான் இனி இஞ்சை இருந்துதான் வேலை செய்யப்போறன்" என்றாள்.

"என்ன வேலை?"

"டிரைவர் எழுதிறது."

எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு அவளே விளக்கினாள். "கொம்பியூட்டருக்கு ஒரு மோட்டரோடை நேரை கதைக்கத் தெரியாதம்மா. மோட்டருக்கும் கொம்பியூட்டரின்ரை கதை விளங்காது. ரெண்டுக்கும் நடுவிலை நிண்டு, இது சொல்லுறதை அதுக்கு விளங்கிற மாதிரிச் சொல்ல ஒண்டு வேணும். அதுக்குத்தான் டிரைவர் எண்டு பேர்."

"அப்ப கலியாணத் தரகர் எண்டு சொல்லன்."

"ம்... ஓம். கிட்டத்தட்ட."

அன்றிலிருந்து யார் கேட்டாலும் என் மகள் தரகர் எழுதுகிறாள் என்றே சொல்லி வந்தேன். அடுத்த வீட்டில் இருக்கிற ராசாத்தி மச்சாள் (என் புருசனின் தங்கச்சி, வாய் மட்டும் அக்கா) கேட்டுவிட்டு, "முதல் உவளுக்கு ஒரு மாப்பிள்ளையை எழுதச் சொல்லுங்கோ மச்சாள்" என்றாள். சிரித்து வைத்தேன். உள்ளுக்குள் எரிந்தது.

அந்த நேரம்தான் கோயில் மேள மிசின் பழுதாய்ப் போனது. இரும்புச் சட்டத்தில் ஒரு மேளம், ஒரு சேமக்கலம் என்கிற வெண்கலத் தட்டு, ஒரு மணி பூட்டியிருக்கும். கறண்டைப் போட்டால் மோட்டர் சுழன்று தடிகள் மூன்றையும் அடிக்கும். மேளகாரர் வைத்துக்கொள்ள வசதியில்லாத சின்னக் கோயில்களில் தீபம் காட்டும்போது முழங்குவது இதுதான். கோயில் தலைவர் சிவகுரு அண்ணை இந்தியாவிலிருந்து புதியது எடுப்போம் என்றார். வதனி போய், பழையதையே தான் திருத்தி, உள்ளே ஒரு சின்னக் கொம்பியூட்டரும் வைத்து, திரை திறக்கும்போது மெதுவாகவும் தீபம் ஏற ஏறக் கெதியாகவும் அடிக்கிற மாதிரிச் செய்து தருவதாகச் சொன்னாள்.

சிவகுரு அண்ணை தாடியைத் தடவினார். "அலங்காரத் திருவிழா முதல் நாள் அடிச்சால் உன்ரை மிசின். அடிக்காட்டி இந்தியா மிசின். சரியோ பிள்ளை?"

வீட்டுக்கு வந்து வதனி சொன்னாள்: "இது சரிவந்தா அச்சுவேலிப் பக்கத்துக் கோயில்காரரும் கேப்பினம் அம்மா. இஞ்சையே இருந்திடுவன். சரிவராட்டி நான் திரும்பக் கொழும்புக்குத்தான் போகோணும்."

மகன் கனடாவில். இவரும் போய்விட்டார். அவளும் போனால் அந்த வீட்டில் என்னோடு கதைக்கக் குளிர்சாதனப் பெட்டி மட்டும்தான் மிஞ்சும். அதுவும் இரவில்தான் முனகும். அதனால் அந்த மிசின் அடிக்கத்தான் வேண்டும் என்று பிள்ளையாருக்கு அவளைவிட நான் அதிகம் நேர்ந்து வைத்தேன்.

மிசின் எங்கள் விறாந்தைக்கு வந்தது. வந்த நாளிலிருந்து எனக்குப் பகல் நித்திரை போனது. மேளம் ஒரு அடி அடிக்கும். சேமக்கலத்துத் தடி அந்தரத்தில் தூக்கியபடி நிற்கும். சில நேரம் மணி மட்டும் அடிக்கும். சில நேரம் எல்லாம் பேசாமல் கிடந்துவிட்டு, நான் சோறு போட்டு உட்காரும்போது ஒரேயடியாக முழங்கும்.

"நான் கெதியாக் கதைக்கிறன் போலை கிடக்கு" என்றாள் வதனி.

"நீ பிறந்ததிலை இருந்தே அப்பிடித்தான்."

"நானில்லை அம்மா, டிரைவர். எங்கடை பக்கம் கறண்ட் ஏறி இறங்கிறதிலை மோட்டரை ஓட்டிற போட், இந்தப் பச்சைப் பலகை, குழம்பிப் போகுது. அதாலை ஒவ்வொருக்காலும் முதல் அதைப் படுக்கப் போட்டு எழுப்போணும். அதைத்தான் ரீசெற் எண்டிறது. எழும்பின உடனை அதுக்கு ஒண்டும் விளங்காது. அந்த நேரம் பாத்து டிரைவர் 'அடி' எண்டு சொன்னா, பாதியைக் கேக்கும், மீதியை விட்டிடும்."

"விடியக்காலமை தேத்தண்ணி குடிக்க முதல் நீ இருக்கிற மாதிரி."

"அதேதான்!" என்று அவள் கையைத் தட்டினாள். எனக்குப் பெருமையாக இருந்தது. இவ்வளவு படித்தவளின் கதை எனக்கு விளங்கிவிட்டதே. (அன்றைக்கு விளங்கியது அது ஒன்றுதான்.)

"அப்ப எழும்பினாப் பிறகு எவ்வளவு நேரம் பொறுக்கோணும்?"

"கண் வெட்டிற நேரத்திலும் குறைய."

"அதுக்கே இவ்வளவு நாளா மண்டையை உடைக்கிறாய்?"

"கூடப் பொறுத்தா ஐயர் திரை திறந்த பிறகுதான் மேளம் தொடங்கும். குறையப் பொறுத்தா தடி அந்தரத்திலை நிக்கும். ரெண்டுக்கும் நடுவிலை பிடிக்கோணும்."

பிறகு மிசினைத் தொடக்கிற பொத்தானைப் பற்றியும் ஏதோ சொன்னாள். அமத்தேக்கை போட் படுக்குமாம், விரலை விட எழும்புமாம், எழும்பிக் கொஞ்சம் பொறுத்து டிரைவர் கதைக்குமாம். நான் "ஓம், ஓம்" என்றேன். (சொன்னதாக அவள் இன்றைக்கும் சாதிக்கிறாள். சொல்லியிருக்கலாம். நான் அப்போது முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தேன். முருங்கையிலை உருவும்போது என்னிடம் யாரும் முக்கியமான விசயம் சொல்லக் கூடாது.)

ஒரு மத்தியானம் மிசின் முதல்முறையாக முழுப் பூசையையும் அடித்து முடித்தது. மெதுவாகத் தொடங்கி, ஏறி, உச்சத்துக்குப் போய், தானாகவே நின்றது. சத்தம் அடங்க முன்னம் ராசாத்தி மச்சாள் முழுகி, ஈரத் தலையோடு, கையில் பூத்தட்டும் கற்பூரமுமாக எங்கள் படலையைத் திறந்துகொண்டு வந்தாள்.

"ஏதும் விசேசமோ மச்சாள்? எங்களுக்கொரு சொல்லுமில்லை."

விறாந்தையில் மேளம் தனியே நின்றது. மச்சாள் சுற்றிவரப் பார்த்தாள். "சாமி எங்கை?"

"கீழை படுத்துக் கிடக்குது" என்றேன். சட்டத்துக்கு அடியிலிருந்து வதனியின் கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன.

திருவிழா முதல் நாளும் வந்தது. வழமையாக மணிக்குப் பொறுப்பாக நிற்கிற முருகேசுவின் பெரியப்பா முதல்நாள் காலமாகிவிட்டார். சாவீட்டுத் துடக்கு. முருகேசு கோயில் வாசலும் மிதிக்க முடியாது. வதனியோ மிசினை விட்டு அசைய முடியாது. தடியில் ஒரு ஆணி இளகிக்கொண்டிருந்தது, அவள் பக்கத்தில் நின்று பிடிக்க வேண்டும். மிசின் தெற்கு மூலையில். பொத்தான் வடக்குப் பக்கத்தில், பெண்கள் நிற்கும் தூணில். பழைய மணிக்கயிறு தொங்கிய அதே தூண்.

"நான் அமத்திறன்" என்றேன்.

வதனி என்னை ஒருமுறை பார்த்தாள். "ஐயர் திரையை விலத்தேக்கை அமத்தினாக் காணும் அம்மா. வேறை ஒண்டும் செய்ய வேண்டாம்."

நான் சிரித்தேன். யாருக்குச் சொல்கிறாள்? ஊரில் ஆம்பிளைகள் அருகிப்போயிருந்த ஒரு காலத்தில், இந்தத் தூணில் நின்று மணிக்கயிறு இழுத்தவள் நான். அப்போதிருந்த பெரிய ஐயர் எனக்குச் சொல்லித் தந்தது ஒன்றே ஒன்று: தீபம் இறங்குமட்டும் கயிற்றிலிருந்து கையை எடுக்கக் கூடாது. தோள் கழன்றாலும் நான் எடுத்ததில்லை. கயிறு இழுத்த கைக்கு இந்தப் பொத்தான் ஒரு பொருட்டா?

கோயில் நிறையச் சனம். திரை விலகியது. பிள்ளையார் வெள்ளியங்கியில் ஜொலித்தார். நான் பெருவிரலைப் பொத்தானில் வைத்து, பக்தியோடு அழுத்தினேன். அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

ஒரு சத்தமும் இல்லை.

எழும்பிக்கொண்டிருக்கிறது போலும் என்று நினைத்தேன். தேத்தண்ணி குடிக்க நேரம் கொடுக்க வேண்டும்தானே. இன்னும் கொஞ்சம் இறுக்கி அழுத்தினேன். ஐயர் தீபத்தைத் தூக்கிவிட்டார். ஒரு கண் பிள்ளையாரில், ஒரு கண் மிசின் பக்கம். இடக்கையில் இருந்த சின்னக் கைமணியை அவர் பாவம், உயிரைக் கொடுத்துக் கிலுக்கினார். அத்தனை சனத்துக்கு நடுவில் அது ஐஸ்கிறீம்காரனின் மணி மாதிரிக் கேட்டது. யாரோ இருமினார்கள். ஒரு குழந்தை, "அம்மா, டும் டும் எங்கை?" என்று கேட்டது.

ராசாத்தி மச்சாள் என் காதுக்குள் குனிந்தாள். "என்ன மச்சாள், உங்கடை மிசின் தியானத்திலை இருக்கோ?"

நான் இரண்டாவது கைப் பெருவிரலையும் மேலே வைத்து அழுத்தினேன்.

எதிரே வதனி தெரிந்தாள். தீபம் காட்டும்போது சுவாமிக்கும் சனத்துக்கும் நடுவால் யாரும் குறுக்கே போகக் கூடாது. அதனால் அவள் அந்த மூலையிலேயே மாட்டுப்பட்டு நின்றாள். நின்றபடி எனக்கு ஏதோ சைகை காட்டினாள். கையைப் பொத்தி, பிறகு விரித்தாள். திரும்பவும் பொத்தி, விரித்தாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பூ என்கிறாளா? அலங்காரம் பூத்த மாதிரி இருக்கிறது என்கிறாளா? தலையாட்டி, "ஓம், வடிவாத்தான் இருக்கு" என்று வாயசைத்தேன். அவள் இரண்டு கையையும் மேலே தூக்கினாள். தூக்கித் தூக்கிக் காட்டினாள். சரி, அரோகரா போடச் சொல்கிறாள் என்று நினைத்து, "அரோகரா!" என்று பலமாகக் குரல் கொடுத்தேன். சனமும் பிடித்துக்கொண்டது. அரோகரா முழங்கியதே தவிர மேளம் முழங்கவில்லை.

அப்போதுதான் வதனி அந்தக் காரியத்தைச் செய்தாள். கண் கலங்க, இரண்டு கையையும் தலைக்குமேல் கூப்பிக் கும்பிட்டாள். கோயிலுக்கு வந்தால் தூணோடு சாய்ந்து நின்று கொட்டாவி விடுகிற பிள்ளை. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. மிசின் அடித்தாலும் அடிக்காவிட்டாலும் என் பிள்ளைக்குப் பக்தி வந்துவிட்டது. அந்தச் சந்தோசத்தில் நான் பொத்தானை இன்னும் இறுக்கினேன்.

தீபம் இறங்கியது. கடமை முடிந்தது என்ற நிறைவோடு விரலை எடுத்தேன்.

தீபம் முடிந்ததும் சிவகுரு அண்ணை முன்னுக்கு வந்து பண் பாடுவது எங்கள் கோயில் வழக்கம். ஊசி விழுந்தாலும் கேட்கிற அமைதியில் நிற்க வேண்டும். அவர் கண்ணை மூடி, கையைக் கூப்பி, வாயைத் திறந்து, முதல் இழுவையை இழுத்தார்.

டும். டண். கிணீர்.

மிசின் எழும்பிவிட்டது. கண் வெட்டுகிற நேரம்கூடப் பிசகாமல், எழும்பி, பொறுத்து, சொன்னதைக் கேட்டு, வடிவாக அடிக்கத் தொடங்கியது. சனம் திடுக்கிட்டது. போய்க்கொண்டிருந்த ஐயர் தீபத்தட்டோடு திரும்பி ஓடிவந்தார், பூசை இன்னும் முடியவில்லையோ என்று.

எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை. பாய்ந்து பொத்தானை அழுத்தினேன். நின்றது! அப்பாடா என்று விரலை எடுத்தேன். டும், டண், கிணீர், திரும்பவும் முதலிலிருந்து. அழுத்தினேன். நின்றது. எடுத்தேன். டும். அழுத்தினேன்.

ஒரு மிசின், அமத்தினால் பேசாமல் இருக்கிறது, விட்டால் அடிக்கிறது. அமத்தினால் அடிக்க வேண்டியது அல்லவா? என் தலைக்குள் சேமக்கலம் அடித்தது. பெரிய ஐயர் சொல்லித் தந்ததெல்லாம் தலைகீழாகிவிட்டது. எதிரே பார்த்தேன். வதனி இப்போது முழுக்க வேறு சைகை காட்டினாள். கையைப் பொத்தி, பொத்தியபடியே ஆட்டி, தலையை இடமும் வலமும் அசைத்தாள். விடாதேங்கோ!

கொஞ்ச நேரத்துக்கு முன் கும்பிட்ட பிள்ளை இப்போது முட்டியைக் காட்டுகிறது. பக்தி அவ்வளவுதானா என்று நினைத்தேன்.

கறண்டை நிற்பாட்டலாம்தான். ஆனால் சுவிச் களஞ்சிய அறைக்குள். அறைப் பூட்டின் திறப்பு சிவகுரு அண்ணையின் இடுப்பில். சிவகுரு அண்ணை கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தார், அவர் கண்ணை மூடினால் இலேசில் திறக்கமாட்டார். அன்றைக்கென்று எல்லாப் பண்ணையும் இழுத்து இழுத்துப் பாடினார். நான் தூணோடு தூணாக, பெருவிரல் பொத்தானில், அசையாமல் நின்றேன். மூக்கு அரித்தது. சொறிய முடியவில்லை. ஐயர் திருநீறு கொண்டுவந்தார். கை நீட்ட முடியாமல் நெற்றியை நீட்டினேன்.

"அம்மா, கையை எடுத்துத்தான் வாங்குங்கோவன்" என்றார்.

"எடுத்தா அடிக்கும் ஐயா" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, திருநீற்றைப் பூசிவிட்டு, கொஞ்சம் விலகி நடந்தார். ராசாத்தி மச்சாள் இரண்டு தரம் திருநீறு வாங்கினாள், இந்தக் காட்சியைக் கிட்ட நின்று பார்ப்பதற்காக.

பாட்டு முடிந்ததும் வதனி ஓடிப்போய்த் திறப்பை வாங்கி, கறண்டை நிற்பாட்டி, என்னிடம் வந்தாள். "இனி எடுக்கலாம் அம்மா." நான் நம்பவில்லை. அவள்தான் என் விரலைக் கழற்றினாள். விரல் மரத்துப்போயிருந்தது.

"ஏன் அம்மா பிடிச்சுக்கொண்டே நிண்டனீங்கள்?"

"தீபம் இறங்குமட்டும் கை எடுக்கக் கூடாதெல்லே?"

அவள் தூணைப் பார்த்தாள். மேலே பழைய கயிறு தொங்கிய வளையத்தைப் பார்த்தாள்.

அதற்குள் சிவகுரு அண்ணை வந்துவிட்டார். "என்ன பிள்ளை, தீபத்துக்கு ஒரு சத்தத்தையும் காணேல்லை?"

கொழும்பு பஸ் என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. வதனி தலையைக் குனிந்தபடி, "டிரைவரிலை ஒரு பிழை மாமா" என்றாள். என்னைக் கைகாட்டவில்லை. பக்கத்தில் நின்ற ராசாத்தி மச்சாள் காட்ட நினைத்தாள். நான் பார்த்த பார்வையில் கை பாதியில் நின்றது, சேமக்கலத்துத் தடி மாதிரி.

சிவகுரு அண்ணை தாடியைத் தடவினார். "ஆனா ஒண்டு. நான் பாடத் தொடங்கேக்கை ஒரு முழக்கம் குடுத்திட்டு, பிறகு மூச்சுக்காட்டாமல் நிண்டுதே. அது ஆர் வைச்ச ஒழுங்கு?"

வதனி ஏதோ சொல்ல வந்தாள். நான் அவளின் முழங்கையில் ஒரு கிள்ளு வைத்தேன். "அது உங்களுக்கெண்டு வைச்சது அண்ணை."

அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும். "பழைய மிசின் நான் பாடேக்கையும் கிடந்து இடிக்கும். என்ரை பாட்டை ஒருநாளும் மதிச்சதில்லை. சரி, சரி. பின்னேரப் பூசையிலை தீபத்துக்கும் அடிக்கட்டும் பாப்பம். அடிக்காட்டி இந்தியாதான்."

அந்த மத்தியானம் வதனி சாப்பிடவில்லை. மிசினின் அடியில் லப்டொப்போடு கிடந்தாள். நான் பக்கத்தில் இருந்து விசிறினேன். பிறகு எழும்பி வந்து, முகத்தைத் துடைத்துவிட்டு, மெதுவாகச் சொன்னாள். இந்த முறை நான் முருங்கையிலை உருவவில்லை, கேட்டேன்.

"ரீசெற்றை நான் உங்கடை விரலிலை விட்டிட்டன் அம்மா. அதுதான் பிழை. நான் சும்மா தொட்டுத் தொட்டு விட்டுத்தான் பாத்தனான். ஒருதர் பிடிச்சுக்கொண்டே நிப்பினம் எண்டு நினைக்கேல்லை. இப்ப விரல் பட்டவுடனை டிரைவர் தானே படுக்கப் போடும், தானே எழுப்பும், தானே பொறுக்கும். அதுக்குப் பிறகு நீங்கள் பட்டனிலை தலை வைச்சு நித்திரை கொண்டாலும் அதுக்குக் கவலையில்லை."

"அப்ப பின்னேரம் ஆர் அமத்திறது? நீயே?"

"நீங்கள்தான்."

"எனக்கு ஏலாது. காலமை பட்டது காணும்."

"உங்கடை விரலுக்கு அடிச்சா இந்த ஊரிலை ஆரின்ரை விரலுக்கும் அடிக்கும் அம்மா. வாங்கோ."

பின்னேரம் திரை விலகியது. நான் அழுத்தினேன். எடுக்கவில்லை, அவள் எடுக்கச் சொன்னாலும் எடுத்திருக்க மாட்டேன். கண்ணை வெட்டினேன். திறக்கும்போது மேளம் முழங்கிக்கொண்டிருந்தது. தீபம் ஏற ஏற அதுவும் ஏறியது. இறங்கியபோது அதுவும் இறங்கி நின்றது. சிவகுரு அண்ணை பாட வந்தபோது, வதனி புதிதாக எழுதிச் சேர்த்த ஒரு சின்ன முழக்கம், பிறகு அமைதி. அவர் அன்றைக்குக் காலையைவிட நீட்டிப் பாடினார். அதை நிற்பாட்ட மட்டும் எந்த டிரைவராலும் முடியாது.

வதனி கொழும்புக்குப் போகவில்லை. எங்கள் விறாந்தையில் இப்போதும் ஏதாவது ஒரு கோயிலின் மேளம் நிற்கிறது. ஒவ்வொன்றையும் செய்து முடித்ததும், "அம்மா, உங்கடை முறையிலை ஒருக்கா அமத்துங்கோ" என்று கூப்பிடுகிறாள். நான் கையைக் கழுவிவிட்டுப் போய், பெருவிரலை வைத்து, மனதுக்குள் ஒரு தீபம் ஏற்றி இறக்குமட்டும் பிடித்திருக்கிறேன். அதில் தேறாத மிசின் படலையைத் தாண்டாது. அதற்கு அவள் வைத்திருக்கிற பெயர் 'அம்மாப் பிடி'. கனடாவில் இருக்கிற மகன்கூட, நான் போனை வைக்காமல் கதைத்துக்கொண்டிருந்தால், "அம்மா, தீபம் இறங்கீற்றுது, விரலை எடுங்கோ" என்கிறான்.

ராசாத்தி மச்சாள் இந்தக் கதையைக் கலியாண வீடு, சாமத்திய வீடு எல்லாவற்றிலும் சொல்லிச் சிரிக்கிறாள். முக்கியமாக அந்த இடம்: "பிள்ளை அங்கை நிண்டு தாயைக் கும்பிட்டு, கையை எடு, கையை எடு எண்டு மண்டாடுது. மச்சாள் பாத்துச் சிரிச்சுக்கொண்டு இன்னும் இறுக்கிறா!"

ஓம், அன்றைக்கு வதனி கும்பிட்டது பிள்ளையாரை அல்ல, என்னைத்தானாம். அவளே சொல்லிவிட்டாள். சனம் சிரித்து முடியுமட்டும் நான் பொறுத்திருப்பேன். பிறகு ஆறுதலாகக் கேட்பேன்:

"சுவாமி வெள்ளியங்கியோடை முன்னாலை நிக்க, அத்தனை சனமும் பாத்திருக்க, அந்தப் பக்கம் திரும்பிப் பெத்த தாயைக் கையெடுத்துக் கும்பிட்ட பிள்ளை உங்கை ஆரின்ரை வீட்டிலை இருக்கு, மச்சாள்?"